தகவல் கொடுப்பது காட்டிக் கொடுப்பதா?

(திருவண்ணாமலையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. படிப்பவர்களுக்காகச் சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)

   

"தேசப் பாதுகாப்பில் உளவுத்துறையின் பங்கு" என்று இந்தக் கூட்டத்துக்குத் தலைப்பு வைத்தவுடன், அழைப்புக் கொடுக்கப் போன இளைஞர் ஒருவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், இந்தத் தலைப்பைச் சொன்னா கடைக்காரங்க யாரும் வரமாட்டாங்க. உளவுன்னாலே நம்மாளுக்கு வயித்தைக் கலக்குது." அவர் சொன்னது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். என் வயிற்றையும் ஒரு காலத்தில் கலக்கிய சொல்தான் அது.

1998 பிப்ரவரியில் எனக்கு வயது பதினேழு. ஒரு மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்தேன். கோவையில் குண்டு வெடித்த மூன்றாம் நாள் இரவு, இரண்டு வண்டிகளில் காவலர்கள் வந்து இறங்கினார்கள். தூக்கத்திலிருந்த பிள்ளைகளை எழுப்பி முற்றத்தில் குந்த வைத்தார்கள். பெயர் என்ன, அப்பன் பெயர் என்ன, கோவையில் யாரைத் தெரியும்? நான் அதுவரை வேலூரைத் தாண்டியதில்லை. எங்களில் ஒரே ஒருவனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊர். அவனை மட்டும் ஏற்றிக் கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து வந்தான். என்ன நடந்தது என்று அவன் எங்களிடம் சொல்லவே இல்லை. அந்த ரமளானுக்குள் ஓதுவதை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. வேறு ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் மதரஸாவின் நாற்பது பிள்ளைகளில் ஒருவன், தெருவில் உண்மையாகவே ஒரு சதிகாரனைக் கண்டிருந்தால் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லியிருப்பானா? விபத்தைப் பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டான்! ஒரே இரவில் அரசாங்கம் நாற்பது ஜோடிக் கண்களை இழந்தது. இன்று நான் பேச வந்தது இந்த இழப்பைப் பற்றித்தான். அதில் நம் பங்கும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசுவேன். பொறுத்துக் கொள்ளுங்கள்.

உளவு என்றவுடன் கறுப்புக் கண்ணாடியும் ஒட்டுக் கேட்கும் கருவியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சினிமாவின் வேலை அது. நாட்டில் இதற்கென அமைப்புகள் பல உண்டு. வெள்ளைக்காரன் 1887இல் போட்ட விதைதான் இன்றைய ஐ.பி. என்னும் மத்திய உளவுத்துறை. வெளிநாட்டுச் செய்திகளுக்காக 1968இல் 'ரா' தனியாகப் பிரிக்கப்பட்டது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008இன் கடைசி நாளில் என்.ஐ.ஏ. சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலக் காவல்துறையில் தனிப்பிரிவும், நக்சலைட்டுகளைக் கவனிக்கத் தொடங்கிப் பிறகு விடுதலைப் புலிகளையும் கவனித்த கியூ பிரிவும் இருக்கின்றன. 2023இல் தீவிரவாதத் தடுப்புப் பிரிவு ஒன்றையும் தமிழக அரசு அமைத்தது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இத்தனை அமைப்புகளும் செய்கிற வேலை ஒன்றே: சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சேர்ப்பது, பொய்யைக் கழிப்பது, மிஞ்சியதைச் சேர வேண்டியவரிடம் நேரத்துக்குச் சேர்ப்பது.

பத்ருப் போருக்கு முன் நடந்ததை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். குறைஷியரின் தண்ணீர்க்காரர்கள் பிடிபட்டார்கள். எதிரிகள் எத்தனை பேர் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தோழர்கள் அடித்துக் கேட்டார்கள். அடிக்கு ஏற்றபடி பதிலை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அடிப்பதைக் கண்டித்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை ஒட்டகம் அறுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஒரு நாள் ஒன்பது, மறுநாள் பத்து என்று பதில் வந்தது. அப்படியானால் தொள்ளாயிரத்துக்கும் ஆயிரத்துக்கும் இடையில் என்று கணக்குச் சொன்னார்கள். அடித்து வாங்கிய பதிலில் கிடைக்காத உண்மை, அறிவோடு கேட்ட ஒரு கேள்வியில் கிடைத்தது. இதைக் காவல்துறை நண்பர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் பயன்படும்.

சரி, செய்தி எங்கிருந்து கிளம்புகிறது? பெரும்பாலும் டெல்லியிலிருந்து அல்ல. 1999 மே மாதத் தொடக்கத்தில் கார்கில் மலைகளில் ஊடுருவியவர்களை முதலில் கண்டது எந்த விமானமும் அல்ல. படாலிக் பகுதியில் காணாமல் போன யாக் எருதைத் தேடிப் போன இடையர். அவர் ராணுவத்திடம் ஓடிப் போய்ச் சொன்னார். அதற்குள் எதிரி சிகரங்களில் கூடாரம் போட்டுவிட்டான். 527 வீரர்களை இழந்து மீட்டோம். பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்தபோது தெரிந்தது என்ன? துண்டு துண்டாகச் செய்திகள் இருந்தன. ஒவ்வொரு அமைப்பும் தன் துண்டைத் தன் பையிலேயே வைத்திருந்தது. சேர்த்துத் தைப்பார் இல்லை!

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் கடல் வழியாகப் பத்துப் பேர் கரையேறியதை முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள். யார் நீங்கள் என்று கேட்டும் இருக்கிறார்கள். முறைப்பான பதில்தான் வந்தது. அன்று இறந்தவர்கள் 166 பேர். கொல்லப்பட்ட ஒன்பது கொலைகாரர்களைத் தங்கள் மையவாடியில் அடக்க மாட்டோம் என்று மும்பை முஸ்லிம்கள் மறுத்ததையும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

இடையர், மீனவர், வாடகைக்கு வீடு விடுபவர், பழைய வண்டி விற்பவர், சிம் கார்டு விற்பவர். இவர்கள்தான் நாட்டின் கண்கள். இந்தப் பட்டியலில் உங்கள் தொழிலும் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி, இந்தக் கண்கள் பார்த்தும், வாய் சொல்லியும், காது கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலுக்கு அப்பால் ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்கள் நம் மொழி பேசும் நம் சகோதரர்கள்.

இலங்கையின் கிழக்கே காத்தான்குடி. அங்கே ஸஹ்ரான் ஹாஷிம் என்று ஒருவன். நன்றாகப் பேசுவான். முதலில் அவன் திட்டியது கிறிஸ்தவரையோ பௌத்தரையோ அல்ல. சூஃபி வழி நடந்த முஸ்லிம்களைத்தான். 2017 மார்ச்சில் அவர்களோடு வாளும் கத்தியுமாக மோதல் நடந்தது. அவன் ஊரைவிட்டு ஓடினான். காத்தான்குடி முஸ்லிம்கள் அவனைப் பற்றி முறையிட்டார்கள். இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத்தலைவர், தாக்குதலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இவனைப் பற்றி ராணுவ உளவுப் பிரிவிடம் எச்சரித்ததாகப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அதன் தடத்தைப் பிடித்து 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வண்ணாத்திவில்லுவில் தென்னந்தோப்பு ஒன்றில் வெடிபொருள் குவியல் பிடிபட்டது. அந்தத் தடத்தைக் காட்ட உதவியவர் யார் தெரியுமா? மாவனெல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். மார்ச் மாதம் அவர் வீட்டுக்கு வந்து, படுத்திருந்தவரின் தலையில் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் உடல் முடங்கியது. தகவல் கொடுத்ததற்கு ஒரு முஸ்லிம் கொடுத்த விலை அது!

இதோடு முடியவில்லை. 2019 ஏப்ரல் 4ஆம் தேதி இந்திய உளவுத்துறை, தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று ஸஹ்ரானின் பெயரோடு இலங்கைக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியின் வேர் நம் கோவையில் இருந்தது என்பார்கள். 2018இல் கோவையில் சிலரைப் பிடித்து விசாரித்தபோது ஸஹ்ரானின் காணொளிகள் கிடைத்தன, அதிலிருந்தே நூல் பிடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. ஏப்ரல் 4க்கும் ஈஸ்டர் ஞாயிறான 21க்கும் இடையே 17 நாட்கள். கையில் பெயர் இருந்தது. குறி வைத்த இடம் தெரிந்திருந்தது. ஆனால் அங்கே ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை! பாதுகாப்புக் கவுன்சில் கூட்டத்துக்கே பிரதமரை அழைப்பதில்லை. கடிதம் மேசைக்கு மேசை ஊர்ந்தது. 21ஆம் தேதி காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2023 ஜனவரி 12இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும். காவல்துறைத் தலைவரும் உளவுத்துறைத் தலைவரும் தலா ஏழரைக் கோடி. பாதுகாப்புச் செயலாளர் ஐந்து கோடி. எல்லாம் அவரவர் சொந்தப் பணத்திலிருந்து! செய்தி கிடைத்தும் செயல்படாதவனும் பொறுப்பாளி என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறது. நம் நாட்டில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் எத்தனை பேர் வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

தாக்குதல் நடந்த ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் புதிதாக வாடகைக்கு வந்த குடும்பத்தின் மேல் அக்கம்பக்கத்து முஸ்லிம்களுக்கு ஐயம் வந்தது. அவர்கள் தகவல் கொடுத்தார்கள். படை சூழ்ந்ததும் உள்ளே இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வெடித்துச் செத்தார்கள். இறந்தவர்களில் ஸஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும் இருந்தார்கள். அந்தத் தெரு முஸ்லிம்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அடுத்த குண்டு எங்கே வெடித்திருக்குமோ! ஆனாலும் என்ன பலன்? மே மாதம் குருநாகலிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளைக் கொளுத்தினார்கள். ஸஹ்ரானை யார் என்றே அறியாத வியாபாரியின் முப்பது வருட உழைப்பு ஒரு மாலையில் சாம்பலாகியது. வணிகப் பெருமக்களே, இதைக் கேட்டுவிட்டு "அது இலங்கைதானே" என்று சொல்லிவிட வேண்டாம். நமக்கு அது முன்பே நடந்தது.

1997 நவம்பர் 29 இரவு கோவையில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். கடமையில் இருந்த ஒரு மனிதரைக் குத்தியது கொலை. அதில் எந்த விளக்கமும் வேண்டியதில்லை. மறுநாள் தொடங்கிய கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நம்மவர் கடைகள் சூறையாடப்பட்டன. காவலரே கலவரத்துக்குத் துணை போனார்கள் என்ற குமுறல் தெருத்தெருவாக எழுந்தது. அன்றிலிருந்து 1998 பிப்ரவரி 14 வரை 77 நாட்கள். அந்த 77 நாட்களில் கோட்டைமேட்டிலிருந்து எந்த முஸ்லிம் தன் காலால் காவல் நிலையத்துக்கு நடந்து போய், "இன்ன வீட்டில் இன்னது நடக்கிறது" என்று சொல்லியிருப்பான்? போகிற பாதையையே காவல்துறை அடைத்துவிட்டதே! 14ஆம் தேதி தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பேசுவேன் என்றேன் அல்லவா? ஒரு நகரத்துக்குள் அத்தனை வெடிபொருள் சேர்கிறது. வீடு கொடுத்தவர் ஒருவர், வண்டி கொடுத்தவர் ஒருவர், சந்தில் நின்று பார்த்தவர் ஒருவர் என்று யாருக்குமே எதுவுமே கண்ணில் படவில்லையா? பயந்து வாயை மூடியவர் உண்டு. "அவனுங்களுக்கு வேணும்" என்று உள்ளுக்குள் நினைத்து மூடியவரும் உண்டு. முதல் வகையினரை நான் புரிந்து கொள்கிறேன். இரண்டாம் வகையினருக்கு ஒரு கேள்வி: செத்த 58 பேரில் கலவரம் செய்தவன் எத்தனை பேர்? பேருந்துக்கு நின்றவனும், மருத்துவமனை வாசலில் நின்றவனும்தானே போனான்! அன்றைக்கு மேடைகளிலும் ஒலிநாடாக்களிலும் இரத்தத்தைக் கொதிக்க வைத்தவர்கள் சிறைக்குப் போனவர்களின் வீட்டு அடுப்பை எரிய வைக்க வரவில்லை. நானும் மேடையில் பேசுகிறவன் என்பதால்தான் சொல்கிறேன்.

அதன் பிறகு பல ஆண்டுகள் கோட்டைமேடு சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்தது. கேரளத்தின் அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

தவறான ஆளைப் பிடிப்பது அந்த ஆளுக்கு மட்டும் அநீதி அல்ல. அது நாட்டின் பாதுகாப்புக்கே ஓட்டை. இதை நம் சமுதாயத்தின் புலம்பலாக எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கணக்காகப் பாருங்கள். 2002 செப்டம்பரில் குஜராத் அக்ஷர்தாம் கோயிலில் முப்பது பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். ஆறு பேரைப் பிடித்தார்கள். அதில் ஒரு முஃப்தியும் இருந்தார். மூவருக்குத் தூக்கு. 2014 மே 16இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்து, புலனாய்வு செய்தவர்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுகளில் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். பத்தொன்பது ஆண்டு கழித்து 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, அது வேறு. என் கேள்வி இதுதான்: இவர்கள் செய்யவில்லை என்றால், செய்தவன் இத்தனை ஆண்டு எங்கே இருந்தான்? நிம்மதியாக இருந்தான்!

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்வதும் அல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் என்ற பத்தொன்பது வயது இளைஞர் இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்ததற்காகத் தூக்கு மேடை வரை போனார். எதற்கென்று தெரியாமல் வாங்கினேன் என்று அவர் சொன்னதைத் தான் வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல் சொன்னார். 2022 மே 18இல்தான் பேரறிவாளன் விடுதலையானார். முப்பத்தோரு ஆண்டுகள்! கடைக்காரர்கள் அந்தப் பேட்டரியை மறக்கக் கூடாது. அதனால்தான் பில் போடுங்கள் என்கிறேன்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை. கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே ஒரு பழைய மாருதி கார் வெடித்தது. ஓட்டி வந்த இளைஞர் இறந்தார். அவர் வீட்டில் பொட்டாசியம் நைட்ரேட், அலுமினியத் தூள், கந்தகம் என்று 75 கிலோ அளவில் எடுத்தார்கள். அந்த கார் பெயர் மாற்றாமல் பல கை மாறி வந்தது. அந்த இளைஞரை 2019இலேயே என்.ஐ.ஏ. அழைத்து விசாரித்து அனுப்பியிருந்தது. மூன்று ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. அல்லாஹ்வின் கிருபை, அன்று பெரும் உயிர்ச்சேதம் இல்லை. 1998ஐப் போல நகரமும் எரியவில்லை. காரணம், இம்முறை ஜமாஅத் நிர்வாகிகள் வாய் திறந்தார்கள். கண்டித்தார்கள். அந்தக் கோயிலுக்கே நேரில் போய் அங்கிருந்தவர்களைச் சந்தித்தார்கள். 98க்கும் 2022க்கும் நடுவே கோவை முஸ்லிம்கள் கற்றுக் கொண்டது அது.

நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அந்நியர் இல்லாத அடி நிலம் இல்லை. நம்மவரும் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கடை வைத்திருக்கிறோம். 2023 பிப்ரவரியில் ஒரே இரவில் திருவண்ணாமலை, போளூர், கலசப்பாக்கத்தில் நான்கு ஏ.டி.எம்.களை வெல்டிங் கருவியால் அறுத்து எழுபது லட்சத்துக்கு மேல் அள்ளிப் போனார்களே, அவர்கள் அரியானாவிலிருந்து வந்தவர்கள். கர்நாடகாவில் கோலார் தங்கவயலில் தங்கி நோட்டம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களும் எங்கோ அறை எடுத்தார்கள், எங்கோ டீ குடித்தார்கள்.

"அப்படியானால் புதிதாக வருகிறவனை எல்லாம் சந்தேகப்படு என்கிறீர்களா, ஹஜ்ரத்?" இல்லவே இல்லை! அதற்கும் நம் மாவட்டமே சாட்சி. 2018 மே 9. போளூர் அருகே அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்தினார்கள். விளையாடிக் கொண்டிருந்த குழந்தைகளுக்கு அந்தக் குடும்பத்தின் அறுபத்தைந்து வயது மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். அந்த வாரம் முழுதும் வாட்ஸ்அப்பில் "வடநாட்டுப் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது" என்று செய்தி சுற்றிக் கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் குற்றுயிராகக் கிடந்தார்கள். அந்தச் செய்தியைப் பரப்பியவர்கள் எல்லோரும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். தாங்களும் தகவல் கொடுப்பதாகத்தான் நினைத்தார்கள்!

அத்திமூரில் தகவல் இல்லை, வதந்தி இருந்தது. சாய்ந்தமருதில் தகவல் இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? சாய்ந்தமருதுக்காரர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததைச் சேர வேண்டிய இடத்தில் சொன்னார்கள், கையை நீட்டவில்லை. அத்திமூரில் பார்க்காததை நம்பி, நீதிபதியாகவும் ஆகிவிட்டார்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் அறியாமையால் அப்பாவிகளுக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின் வருந்த நேரும் என்ற கருத்தில் ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இருக்கிறது. நம் கைபேசியில் 'பார்வர்டு' அழுத்துவதற்கு முன் அதை நினைத்தால் பாதிக் குழுக்கள் ஓய்ந்துவிடும்.

அதே அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அதைக் காட்டி, "காவல்துறைக்குத் தகவல் கொடுப்பது ஹராம், அது காட்டிக் கொடுப்பது" என்று சில இளைஞர்கள் வாதிக்கிறார்கள். தம்பிகளே, பொறுமையாகக் கேளுங்கள். ஒருவன் வீட்டில் என்ன சமைக்கிறான், எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறான், எந்தத் தலைவரைப் பிடிக்கும், தாடி எப்போது வளர்த்தான் என்று குறிப்பெடுத்துக் கொடுப்பது தடுக்கப்பட்ட துருவல்தான். அதைச் செய்யும்படி யார் காசு கொடுத்தாலும், பதவி கொடுத்தாலும், மிரட்டினாலும் செய்யாதீர்கள். ஆனால் ஒருவன் உயிர்களை அழிக்க ஏற்பாடு செய்வதை நீ கண்ணால் கண்டால், அது அவனுடைய அந்தரங்கம் அல்ல. அது உன்னிடம் வந்து சேர்ந்த சாட்சியம். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளத்தைப் பற்றி பகரா அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். நாட்டுச் சட்டமும் சில பெருங்குற்றங்களைப் பற்றித் தெரிந்தவர் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 39ஆம் பிரிவு, இன்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 33ஆம் பிரிவு.

கடைக்காரர்களுக்கு நான்கு வார்த்தை. பழைய கார், பைக் விற்றால் பெயர் மாற்றிய பிறகே சாவி கொடுங்கள். "அப்புறம் மாத்திக்கிறேன் பாய்" என்றால் விற்காதீர்கள். சிம் கார்டை ஒருவர் அடையாள அட்டையில் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், அவர் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. அறை வாடகைக்கு விடுகிறவர் பதிவேட்டில் முகவரியைச் சரியாக எழுதுங்கள். ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் உங்களிடம் தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இதெல்லாம் யாரையும் சந்தேகப்படுவதற்காக அல்ல. நாளை ஒரு விசாரணை வந்தால் உங்கள் கடையின் பில்லும் பதிவேடும்தான் உங்களுக்காகப் பேசும்.

உரையின் நடுவே ஒரு சகோதரர் துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தார். "உளவுப் பிரிவு ஆள் என்று சொல்லி ஒருவர் கடைக்கு வந்து, நம் பையன்கள் பெயரைக் கேட்டால் என்ன செய்வது?" என்று. நல்ல கேள்வி. முதலில் அவருடைய அடையாள அட்டையைப் பார்க்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மரியாதையாகக் கேட்டால் உண்மையான அதிகாரி கோபிக்க மாட்டார். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லுங்கள். அவரை அனுப்பி வைப்பதற்காக வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு அழைத்தால் எழுத்தில் அழைப்பு கேளுங்கள். பெண்களையும், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரையும், அறுபதைத் தாண்டியவரையும் அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே விதிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. அதன் தமிழ்ச் சுருக்கத்தை ஒவ்வொரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லி முத்தவல்லிகளைக் கேட்டிருக்கிறேன். சிலர் ஒட்டியிருக்கிறார்கள், சிலர் இன்னும் யோசிக்கிறார்கள்.

அதே சீட்டின் பின்பக்கம் இன்னொரு வரி: "நாமே போய்ச் சொல்ல வேண்டி வந்தால்?" ஆபத்து உடனடி என்றால் 112க்கு அழையுங்கள், யாரையும் கலந்தாலோசித்துக் கொண்டு நிற்காதீர்கள். அவகாசம் இருந்தால் தனியாகப் போக வேண்டாம். ஜமாஅத் தலைவரையும் ஒரு வழக்கறிஞரையும் கூட்டிக் கொண்டு போங்கள். கண்ணால் கண்டதை மட்டும், நாள், நேரம், இடத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் ஊகத்தை அதில் எழுதாதீர்கள். கொடுத்த மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அந்த வாசலை விட்டு இறங்காதீர்கள்.